போஸ்டரில் வந்த மகாராணி

புகைப்படக் கண்காட்சியின் திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. சுவரில் ஒரு படச் சட்டம் மட்டும் காலி.

ரோடா கார்ஃபின் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பென்சில்வேனியாவின் இந்தச் சின்ன ஊர் யூதர்களின் கதையைச் சேர்த்துவைக்கும் வரலாற்றுச் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. தையற்காரர், பேக்கரிக்காரர், பல் டாக்டர் எல்லாருக்கும் படம் கிடைத்துவிட்டது. யூத முறைப்படி வெட்டிய கோஷர் இறைச்சி விற்ற கடைக்காரர் ஹைமன் கார்ஃபினுக்கு மட்டும் இல்லை.

அவளுடைய அப்பா! காமிராவைக் கண்டால் ஐஸ் அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளும் மனிதர். இருந்த ஒரே கல்யாணப் படமும் வெள்ளத்தில் போயிற்று.

வாசலில் கைத்தடி சத்தம்.

இர்விங் பின்ஸ்கர். தொண்ணூறு வயது. மேட்டுத்தெரு ஜெப ஆலயத்துக்காரர். சங்கத்தில் இருப்பவர்கள் அத்தனை பேரும் கீழ்த்தெரு ஆலயம். இரண்டு ஆலயத்துக்கும் எதற்குச் சண்டை என்பது மறந்துபோயிற்று, சண்டை மறக்கவில்லை. அதனால் பழைய படங்களை அவரிடம் காட்டி யாரும் பெயர் கேட்டதில்லை.

"யாரைக் கேட்டு இதை ஊர் பூரா ஒட்டினே?" சுருட்டிய கண்காட்சி போஸ்டரை மேசைமேல் அடித்தார்.

"ஏன் மிஸ்டர் பின்ஸ்கர்? பூரிம் பண்டிகை நாடகத்து எஸ்தர் மகாராணி. வேஷம் போட்டது யாருன்னு தெரியல. ஆனா முகத்திரைக்கு மேல அந்தக் கண்ணு! எவ்வளவு அழகான பொண்ணு!"

"பொண்ணா?" கிழவர் நாற்காலியில் விழுந்து சிரித்தார். "எங்க ஆலயத்து நாடகம் அது. நான்தான் ராஜா. நிஜ எஸ்தருக்கு அன்னிக்குக் காலையில அம்மை போட்டுடுச்சு. கீழ்த்தெருவிலேருந்து ஒருத்தனைக் கடத்திட்டு வந்தோம். வெளியில சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். நானும் வாயைத் திறக்கல. நீதான் போஸ்டரே ஒட்டிட்டே!"

"யாரு அது?"

"காலைப் பாரு."

போஸ்டரில் கால் இல்லை. மங்கலாக இருக்கிறதென்று முட்டிக்குக் கீழே வெட்டியவள் ரோடாதான்.

பாய்ந்துபோய் அசல் படத்தை எடுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்தாள். பட்டு அங்கிக்குக் கீழே இரண்டு முரட்டு பூட்ஸ். அதில் ஷூ லேஸ் இல்லை. வெள்ளைச் சணல் கயிறு. இறைச்சி கட்டுகிற கயிறு!

இடுப்புப் பிடிப்பால் குனிய முடியாத அப்பாவுக்கு, பள்ளிக்கூடம் போகுமுன் பூட்ஸில் அந்தக் கயிற்றை எத்தனை முறை முடிந்துவிட்டிருக்கிறாள்!

ரோடா சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிந்தும் சிரிப்பு நிற்கவில்லை. படத்தைச் சட்டத்தில் செருகி, அட்டையில் எழுதினாள்: 'ஹைமன் கார்ஃபின். இறைச்சிக் கடை. மகாராணி.'

பின்ஸ்கர் தொண்டையைச் செருமினார். "ராணி பக்கத்துல ராஜாவுக்கு இடம் இருக்கா?"

"மேட்டுத்தெரு ஆளுங்களையெல்லாம் கூட்டிட்டு வாங்க. இந்தச் சுவர் முழுக்க இடம்தான்."

"வெளியில வேன்ல இருக்காங்க" என்றார் கிழவர். "சண்டை போடத்தான் வந்தோம்."