எட்டு வாட் ஆம்ப்ளிஃபையரும் ஏழு மாதப் பொய்யும்

ஹோஷிகாவா மூன்றாவது இசைத்தட்டு அடுக்கில் கை வைத்தபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதத்தின் மூன்றாவது ஞாயிறு மதியம் யாமகதா நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் பாட்டுக் கேட்க வருவார்கள். ஒருவர் பல் டாக்டர் நான்பா. இன்னொருவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஹோஷிகாவா. இருபது வருடப் பழக்கம். என் கணவர் யசுஹிரோ கண்ணாடி வால்வுகளை வைத்துத் தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபையரின் முன்னால் மூவரும் கண்ணை மூடி உட்காருவார்கள். இடது, வலது ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் எட்டு வாட், அவ்வளவுதான் அதன் பலம். இடுப்புயரத்துக்கு இருந்த பழைய ஸ்பீக்கர்களுக்கு அதில் கால்வாசியே போதும், சுவர் அதிரும்.

மார்ச்சில் யசுஹிரோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். எங்கள் மகள் மஹோகோ செண்டாய் நகரத்திலிருந்து ஒல்லியான, பளபளக்கும் கறுப்பு ஸ்பீக்கர்கள் இரண்டைப் பரிசாக அனுப்பினாள். பழையவை கொல்லைக் கொட்டகைக்குப் போயின. அன்று முதல் எங்கள் வீட்டில் டிரம் சத்தம், வெயிலில் போட்ட மெத்தையைக் குச்சியால் அடிப்பதுபோல் ஆகிவிட்டது.

"ஆஹா, என்ன ஒரு அடக்கம்" என்றார் நான்பா. ஹோஷிகாவா தலையாட்டினார். நானும் டீயை வைத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். மகள் கொடுத்ததை யார் குறை சொல்வது?

மற்ற எல்லோருக்கும் நன்றாக இருந்து தனக்கு மட்டும் நன்றாக இல்லையென்றால், கெட்டுப்போனது தன் காதுதான் என்று யசுஹிரோ முடிவு கட்டினார். காது டாக்டரிடம் போனார். வயதுக்கேற்ற காதுதான், ஒன்றுமில்லை என்றார் அவர். இவருக்கு 'வயது' மட்டும்தான் கேட்டது. அதன்பிறகு ஆம்ப்ளிஃபையரைத் துடைப்பதைக்கூட விட்டுவிட்டார். சாப்பாட்டில் பேச்சு நின்றது.

இந்த ஞாயிறு நண்பர்களிடம் சொல்லிவிட்டார்:

"இனிமே எனக்கு எதுக்கு இதெல்லாம்? காது போச்சு. பிடிச்ச தட்டை எடுத்துக்கங்க. ஆம்ப்ளிஃபையரையும் யாராவது கொண்டுபோங்க."

தட்டுகளைச் சுற்றிக் கொடுக்கப் பழைய செய்தித்தாள் எடுக்க உள்ளே போனார். நான் சமையலறையில் இருந்தேன். நடுவே காகிதக் கதவுதான்.

"பாவம்யா" என்றார் ஹோஷிகாவா மெதுவாக. "அந்த ஸ்பீக்கருக்கு எட்டு வாட் எந்த மூலைக்கு? முதல் நாளே தெரிஞ்சுது எனக்கு."

"எனக்கும்தான். பொண்ணு குடுத்தது, எப்படிச் சொல்றது?" என்றார் நான்பா.

நான் கதவைத் தள்ளிய வேகத்தில் அது சட்டத்தில் மோதித் திரும்பியது. ஹோஷிகாவாவின் கை மூன்றாவது அடுக்கில் இருந்தது.

"கையை எடுங்க!" என்றேன். "மனுஷன் செவிடாயிட்டோம்னு நம்பி ஏழு மாசமா செத்துக்கிட்டிருக்காரு. நீங்க உக்காந்து அவர் தட்டைப் பொறுக்குறீங்க!"

"அப்படி இல்ல, ஃபுமியே-சான், ஒரு நாகரிகம்னு..." என்றார் நான்பா.

"உங்க நாகரிகத்துல இடி விழ! நோயாளிகிட்ட சொத்தைப் பல்லை முத்துன்னா சொல்றீங்க, டாக்டர்?"

செய்தித்தாள் கட்டோடு யசுஹிரோ அறை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. அந்தக் காதுக்கு ஒரு குறையும் இல்லை.

"உனக்கும் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு வாட்டும் தெரியாது, ஓமும் தெரியாது. டிரம் மெத்தையாட்டம் கேக்குதுன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்ன?"

கல்யாணமான முப்பத்தெட்டு வருடத்தில் குரல் உயர்த்தாத மனிதர், நண்பர்களைப் பார்த்துக் கத்தினார்:

"என்னடா பாக்குறீங்க? கொட்டகைக்குப் போய்ப் பழசைத் தூக்கிட்டு வாங்கடா!"

பல் டாக்டரும் ரயில் ஓட்டுநரும் சட்டையெல்லாம் ஒட்டடையோடு, மூச்சிரைக்கத் தூக்கி வந்தார்கள். நான் கை கொடுக்கவில்லை. யசுஹிரோ ஆம்ப்ளிஃபையரின் பின்னால் கம்பிகளைக் கழற்றி, பழைய ஸ்பீக்கருக்கு உரிய திருகில் மாற்றி முறுக்கினார். வால்வுகள் மெல்லச் சிவந்தன. ஊசியை வைத்தார்.

டிரம்மின் தோலைக் கம்பிப் பிரஷ் உரசியது. பிரஷின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. அவர் கண்ணில் நீர் வந்தது, ஆனால் முகம் கோபமாகவே இருந்தது.

"அற்புதம்..." என்று ஆரம்பித்தார் நான்பா.

"வாயை மூடு" என்றார் யசுஹிரோ.

பாட்டு முடிந்ததும் மகளுக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டினார். இனி யாருக்கும் பூசி மெழுகுவதாக இல்லை போலிருந்தது.

"மஹோகோ, நீ வாங்கிக் குடுத்தது என் ஆம்ப்ளிஃபையருக்கு ஒத்து வரல. ஏழு மாசமா ஒரு பயலும் சொல்லல!"

"கடைக்காரர் அப்பவே சந்தேகப்பட்டாருப்பா" என்றாள். "வால்வுக்கு இது சரிப்படுமான்னு அப்பாகிட்ட கேளுங்க, ரெண்டு வாரத்துல மாத்தித் தரேன்னாரு. அதுக்காகத்தானே வந்து சேர்ந்த அன்னிக்கே போன் பண்ணினேன்? நீங்கதான், 'பிரமாதம், இப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்ல'ன்னீங்க."

அந்தப் போன் வந்தபோது நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். ஸ்பீக்கர் இருந்த இரண்டு அட்டைப்பெட்டிகளும் ஒட்டுநாடாகூடக் கிழிக்கப்படாமல் வாசலிலேயே இருந்தன.