திறக்காத படம்

வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டரின் சர்வர் அன்று காலையும் நீலத்திரையைக் காட்டி நின்றபோது, அதைப் பராமரித்துவந்த ரீபா மறுபடி அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். வாரம் முழுக்க இதே பாடுதான். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டிருந்தாள். ஹார்ட் டிஸ்க்குகளைச் சோதித்திருந்தாள், பழுதில்லை. ஆனாலும் எம்ஆர்ஐ படங்கள் வந்து சேருகிற நேரம் பார்த்து சர்வர் முடங்கிக்கொண்டே இருந்தது.

"நீ போட்ட அப்டேட்டுதாம்மா எல்லாத்தையும் கெடுத்துட்டு," என்றார் மேனேஜர் குமரவேல்.

அவள் சர்வரின் பதிவுகளைத் தோண்டினாள். ஒவ்வொரு முறையும் முடங்குவதற்குச் சற்று முன்னால், டிஸ்க்குகளை இயக்கும் கன்ட்ரோலர் கார்டு பதில் தராமல் போயிருந்தது. சர்வரைத் திறந்து கார்டைத் தொட்டவள் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படிச் சுட்டது.

"சார், கார்டுதான் போயிருக்கு. இதை வச்சு ஓட்டுனா பழைய படத்தையும் கெடுத்துரும். நிறுத்தணும்."

"புதுக் கார்டு நாளைக்குத்தான் மதுரையில இருந்து வருது. வெளிய எத்தனை பேரு காத்துக் கெடக்காவ! அதுவரைக்கும் பைய ஓட்டு."

ரீபா சர்வரை அணைத்தாள். குமரவேல் கத்தினார். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவளை முறைத்துக்கொண்டே படியிறங்கினார்கள்.

மறுநாள் புதுக் கார்டு போட்டதும் மிஷின் ஒழுங்காக ஓடியது. படங்களைத் திறந்து சோதித்துக்கொண்டே வந்தாள். கோமு என்ற பெயரிலிருந்த பழைய தலை ஸ்கேன் மட்டும் வரிவரியாகக் கிழிந்து கிடந்தது. பேக்கப்பிலும் அதே கிழிசல். அதுவும் அந்தக் கெட்ட கார்டு வழியாக எடுத்ததுதானே.

முக்கூடல் கோமு, மூளைக்கட்டிக்குச் சிகிச்சை முடிந்து, கட்டி சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க அன்றுதான் மறு ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். ரீபாவே போய் அவள் கணவர் பஞ்சாபகேசனிடம் சொன்னாள்.

"சார், நேத்து நான் சர்வரை நிறுத்துறதுக்கு முன்னாடியே அம்மாவோட முந்தின படம் எங்ககிட்ட கெட்டுப்போச்சு. ஒப்பிட்டுப் பாக்க வழியில்ல."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஃபிலிம் ஆத்துல இருக்கு, எடுத்துண்டு வரேன்," என்று வீட்டுக்குப் பஸ்ஸேறப் போனார்.

மத்தியானம் டாக்டர் பிரியதர்ஷினி அந்த ஃபிலிமை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"சுருங்குன மாதிரிதான் தெரியுது. ஆனா இதுல எல்லாப் படமும் இல்ல, அளந்து சொல்ல முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

கோமு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வாசலில் பஞ்சாபகேசன் ரீபாவிடம் கேட்டார். "நேத்து நீ நிறுத்தாம இருந்திருந்தா?"

"இன்னும் நெறயப் பேரோடது போயிருக்கும், சார்."

"அவாளோடதாவது மிஞ்சித்தே," என்றார். மனைவியின் கையைப் பிடித்துப் படியிறக்கினார்.