குளியலறை வரிசை

"கையெழுத்து மட்டும் போடு. மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன்."

கணவன் மனைவியின் ராஜினாமா கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். பறந்துவிடாமல் அதன்மேல் தன் புரோட்டீன் டப்பாவையும் வைத்தான். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தான். அவ்வளவு அக்கறை!

அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நாள் முழுக்க மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடுகிறவள். இரண்டு மாதமாக அவள் முதுகும் கழுத்தும் சிவந்து தடித்து, அரிப்பு பிடுங்கியது.

"ஓடாதேன்னா கேட்டியா?" என்றாள் மாமியார், கரண்டிக் காம்பால் தன் முதுகைச் சொறிந்தபடி. "பொம்பள உடம்புக்கு வேர்வை ஆகாது."

"உங்க பையனுந்தானே அத்தை ஜிம்முக்குப் போறாரு?"

"அவன் ஆம்பள. அவனுக்கு வேர்த்தா ஆரோக்கியம்."

அந்த வீட்டில் ஒரே குளியலறை. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. சாயங்காலம் முதலில் மாமனார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நாற்காலியை விட்டு அசையாதவர். வேர்வை என்ன நிறம் என்று கேட்பார். ஆனாலும் குடும்பத் தலைவர், ஒரு மணி நேரம். அடுத்து மகன். இருபது நிமிஷம் எடை தூக்கி, பத்து நிமிஷம் கண்ணாடி பார்த்த அலுப்புத் தீர இன்னொரு மணி நேரம். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவியான பிறகு, எட்டரைக்கு மருமகள். வாளியில் மிச்சமிருந்தால் மாமியார். ஐந்து மணிக்கு வீடு வரும் டீச்சரின் மேல் மைதானத்து வேர்வை காய்ந்து, அடுப்படி வேர்வையில் மறுபடி நனையும்.

அவள் பேனாவை மூடினாள். "ஓடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லட்டும். போடறேன்."

மறுநாள் சாட்சிக்கு மாமியாரும் கூடவே போனாள்.

தோல் டாக்டரம்மா முதுகைப் பார்த்தார். "எத்தனை மணிக்கு வேர்க்குது? எத்தனை மணிக்குக் குளிக்கிறே?"

"நாலு மணி டாக்டர். குளிக்கிறது எட்டரைக்கு."

"நடுவுல என்ன பண்றே?"

"வரிசையில நிக்கிறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வேர்வை உடம்பைக் குளிர வைக்கத்தாம்மா வருது. அதை ஈரத் துணியோட மணிக்கணக்கா அடைச்சு வச்சா என்ன ஆகும்? துவாரம் அடைச்சு வேர்க்குரு வரும். மடிப்புல படை புடிக்கும். நீ தாராளமா ஓடு. வந்ததும் துணியை மாத்து, குளி, ஈரம் போகத் துடை. இந்தக் களிம்பையும் போடு."

எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் மாமியாரின் கழுத்தைப் பார்த்தார். "உங்களுக்கும் அதேதான் இருக்கு. நீங்க என்ன விளையாட்டு?"

"நானா?" மாமியார் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினாள். "அடுப்படி."

"எத்தனை வருஷமா?"

"முப்பத்தோரு வருஷமா."

டாக்டரம்மா களிம்பை இரண்டாகத் திருத்தி எழுதினார்.

வீட்டில் சீட்டைப் படித்த மாமனார் தீர்ப்பு சொன்னார். "வேலையை விட்டுட்டா வேர்வையே வராதே! இதுக்குப் போய் வரிசையை மாத்துவாங்களா? எங்கப்பா காலத்து வரிசை!"

"கரெக்ட்பா," என்றான் மகன். கடிதம் டப்பாவுக்கு அடியிலேயே காத்திருந்தது.

மறுநாள் மாலை ஐந்து. மாமனார் துண்டைத் தோளில் போட்டு, நாற்காலியிலிருந்து எழும் முயற்சியில் இருந்தார். டீச்சர் வந்தாள். பையை வைத்தாள். மாற்றுத் துணியோடு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

தாழ்ப்பாள் விழுந்தது. தண்ணீர் கொட்டும் சத்தம்.

"ஏய், வெளிய வா! இது என்னோட நேரம்!" மாமனார் கதவைத் தட்டினார். தட்டத் தட்ட நெற்றியில் முத்து முத்தாகப் பூத்தது. ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வந்த முதல் வேர்வை. ஜிம்மிலிருந்து தொப்பலாக நனைந்து வந்த மகனும் பின்னால் நின்றான்.

"அடியே! உன் மருமக பண்றதை வந்து பாரு!"

மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தோளில் துண்டு. கையில் ராஜினாமா கடிதம். அதை விசிறியாக வீசிக்கொண்டே இருவருக்கும் முன்னால் போய் நின்றாள்.

"தள்ளி நில்லுங்க. அடுத்தது நான்."

"அப்போ நாங்கம்மா?" மகன் பதறினான். "எனக்கு உடம்பெல்லாம் கசகசங்குது!"

மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உனக்கு அது ஆரோக்கியம்டா. காயட்டும்."