நூற்றொன்று யார் பங்கு

பத்து லட்சத்து ஒன்று. எங்கள் புத்தகத்தின் கடைசி எண். எண்ணுக்கு ஒரு பக்கம். கையால் வகுத்துப் பார்த்ததை மட்டுமே எழுதுவோம் என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி. இதைப் பகா எண் என்று சொல்ல வேண்டுமானால், ஆயிரம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தாக வேண்டும். நூறுக்குக் கீழே உள்ள இருபத்தைந்தும் என் பங்கு. மேலே உள்ளவை என் மனைவியின் பங்கு. எல்லையில் நிற்கும் நூற்றொன்றை மட்டும் தேநீரோடு உட்கார்ந்து இருவரும் சேர்ந்து வகுப்போம். எப்படி வந்த வழக்கமோ, நினைவில்லை.

முன்னுரையில் 'மனைவியின் உதவியுடன்' என்று எழுதியிருந்தேன். அச்சுப்படியில் அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்:

"இருபத்தஞ்சு வகுத்தவர் ஆசிரியர். நூத்தி நாப்பத்திரெண்டு வகுத்தவ உதவியாளா?"

கடைசிப் பக்கம் முடிந்ததும் தன் அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எப்போது திரும்புவாள் என்று சொல்லவில்லை. அதன்பின் ஒன்பது நாளாக எங்கள் தாள்கள்தான் பேசிக்கொண்டன. அவளுடைய தாளின் அடியில் 'எதிலும் வகுபடவில்லை' என்று இருந்தது. நான் 'பகா எண்' என்று எழுதிப் பக்கத்தை முடித்தேன்.

இன்று காலை கூடத்தில் அவள் பெட்டி நின்றது. பதினொரு மணிக்கு அச்சகத்து ஆள் வருவார். இரண்டு தாள்களையும் கடைசியாக ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னுடையது தொண்ணூற்றேழில் முடிந்தது. அவளுடையது நூற்று மூன்றில் தொடங்கியது.

நானே வகுத்துவிடலாம். ஒரு நிமிட வேலை. மீதி வந்தால் பக்கம் அப்படியே போகும்; அவளும் போவாள். பேனாவை மூடிவைத்தேன்.

"நூத்தியொண்ண விட்டுட்டோம்," என்றேன்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"நீங்களே போட்டுக்கோங்க."

"அது ரெண்டு பேர் கணக்காச்சே."

ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்தாள். ஒன்பது, ஒன்பது, சுழியம், ஒன்று. மீதி இல்லை. ஈவு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று. எங்கள் பகா எண் எங்கள் கண்ணெதிரே இரண்டாகப் பிரிந்தது.

"அச்சாகியிருந்தா ஆசிரியர் மானம் கப்பலேறியிருக்கும்," என்றாள். "உதவியாளுக்கு என்ன வந்தது."

முன்னுரைத் தாளை எடுத்து அந்த வரியை அடித்தேன். என் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதினேன். அவள் பார்த்தாள்.

இனி அந்த ஈவு பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் நூறுக்குள்தான் என்பதால் நூறைத் தாண்ட வேண்டியதில்லை. எல்லாம் என் பங்கு. அவளுக்கு அதில் வேலையே கிடையாது. ஏழு, பதினொன்று என்று வகுத்துக்கொண்டே போனேன். வாசற்பக்கம் திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

பதிமூன்றுக்கு வந்தேன்.

"மீதி எட்டு," என்றாள், நான் எழுதுவதற்குள். மாட்டியிருந்த அந்த ஒற்றைச் செருப்பும் கழற்றப்பட்டு அவள் நாற்காலிக்கு அடியில் கிடந்தது.