பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரே ஆள் ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் போதும், என் வாய் சும்மா இருக்காது. அந்த வாயால் நான் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. சொல்லாமல் வைத்திருக்கவும் முடியவில்லை.

பஜார் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அப்பா கொச்சி நகரசபையில் வேலை பார்த்தவர். நான் பிறந்தது, மலையாளப் பள்ளியில் படித்தது எல்லாம் இங்கேதான். அதனால் மலையாளம் படிக்கத் தெரியாத தமிழ்க்காரர்கள் எல்லோரும் விண்ணப்பம், சான்றிதழ் என்று என்னிடம்தான் வருவார்கள். செல்வலட்சுமி அக்காவுக்குத் தெரியாத ஃபாரமே கிடையாது என்று ஒரு பேர் எனக்கு இருந்தது. அந்தப் பேரை நானும் நன்றாகவே ருசித்துக்கொண்டிருந்தேன்.

கடைக் கம்ப்யூட்டரில் மெயிலுக்கென்று தனியாக ஒரு புரோகிராம் போட்டிருக்கிறேன். திறந்தால் இடது பக்கம் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மேலே கடையின் மெயில். அதற்குக் கீழே, மெயில் பார்க்கத் தெரியாத ஆறு வாடிக்கையாளர்களின் மெயில்கள். கடைசிப் பெயர் மாயம்மாள்.

மாயம்மாள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருஷம் ஆகிறது. தோப்பும்படிக்கு அருகே இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. விடிந்ததிலிருந்து மூன்று மணி வரை ஐஸில் கிடக்கும் இறாலைக் கையில் எடுத்து உரிக்க வேண்டும். அவளுடைய விரல்களைப் பார்த்தால் நமக்கு வலிக்கும். நகக்கண்கள் வெந்து, தோல் வெளுத்து, இரண்டு விரல்கள் பாதிதான் மடங்கும். இன்னும் ஒரு மழைக்காலம் ஐஸில் கை வைத்தால் மற்ற விரல்களும் இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருநாள் பேப்பர் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கூட வேலை செய்யும் அம்பிளி அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அக்கா, எர்ணாகுளத்துல புதுசா ஆஸ்பத்திரி தொறக்காகளாம். துப்புரவுக்கு அவசரமா ஆள் வேணுமாம்" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மேலே 'தொழிலவசரம்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. தொழிலவசரம் என்றால் வேலைவாய்ப்பு, அவ்வளவுதான்.

"அட பொண்ணே, அவங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. இங்க அவசரம்னா சான்ஸ். ரெண்டு வருஷமாச்சு, இது கூட அறியாதா?" என்று கடையே கேட்கும்படி சொன்னேன். ஜெராக்ஸுக்கு நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள். மாயம்மாளும் அந்த வீங்கிய விரல்களால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அவளுக்காக ஒரு மெயில் தொடங்கி விண்ணப்பத்தை அனுப்பினேன். நேர்முகத்துக்கான தேதி மெயிலில் மட்டுமே வரும் என்று அதில் எழுதியிருந்தது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு மாயம்மாள் ஆஜர். இறால் வாடையோடு கடை ஓரத்தில் நின்று, கூட்டம் குறையும்வரை காத்திருந்து, "வந்துருச்சாக்கா?" என்று கேட்பாள். நானும் அவள் பெயரை அழுத்திப் பார்த்துவிட்டு, இல்லை என்பேன்.

பன்னிரண்டாவது நாளோ என்னவோ, கடையில் நல்ல கூட்டம். காலேஜ் பெண் ஒருத்தி துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். அந்த நேரம் பார்த்து மாயம்மாள், "வந்துருச்சாக்கா?" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை எரிச்சல் வந்ததோ.

"இங்க வா" என்று அவளைத் திரைக்கு முன்னால் நிறுத்தினேன். புரோகிராமின் அமைப்புகளைத் திறந்தேன். புதிய மெயில் வந்திருக்கிறதா என்று இத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை அதுவாகவே பார்க்கச் சொல்லும் கட்டம் ஒன்று அங்கே உண்டு. ஏழு மெயில்களையும் சேர்த்துப் பார்த்தால் என் பழைய கம்ப்யூட்டர் திணறுகிறதென்று, எல்லாப் பெயர்களிலும் அந்த டிக்கை நானே எப்போதோ எடுத்துவிட்டிருந்தேன். இப்போது டிக் போட்டு, பத்து நிமிடம் என்று வைத்தேன்.

"பாத்தியா? இனி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இதுவே போய் நோக்கும். வந்தா டிங்னு சத்தம் கேக்கும். நானே போன் பண்றேன். நீ இனி தினமும் இங்க வந்து நிக்கண்டாம், கேட்டியா?"

"தானாவே பாக்குமாக்கா?"

"தானாவே பாக்கும்."

"எம்பேரு எதுக்கா?"

வரிசையில் கடைசிப் பெயரைத் தொட்டுக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, "அப்பச் சரிக்கா, ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நாலு மணிக்கு அந்த ஓரம் காலியாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அடிக்கடி டிங் என்று சத்தம் கேட்கும். யாராவது பிரிண்டுக்கு ஏதாவது அனுப்பியிருப்பார்கள். சத்தம் வருகிறது, அப்படியானால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று இருந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மாயம்மாள் வந்தாள். கடைக்குள் ஏறாமல் படியிலேயே நின்றாள்.

"கோவிச்சுக்காதீகக்கா. அம்பிளிச் சேச்சிக்கு ஆஸ்பத்திரியில வேலை கெடச்சுருச்சாம், ஷெட்டுல இருந்து நின்னுட்டாக. எனக்கு மட்டும் இன்னும் வரலையா?"

"வந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்று சொல்லிக்கொண்டே அவள் பெயரை அழுத்தி, புதிய மெயில்களைக் கொண்டுவரும் பொத்தானையும் அழுத்தினேன்.

ஐந்து மெயில்கள் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றில் நேர்முகத் தேதி. அடுத்ததில் அதே தேதிக்கு நினைவூட்டல். தேதி கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். அந்தக் கட்டம் ஒவ்வொரு மெயிலுக்கும் தனித்தனி. இது எனக்குத் தெரியாததா? தெரிந்துதானே ஒவ்வொன்றாக எடுத்தேன்? அன்றைக்கு இருந்த வேகத்தில், மேலே திறந்திருந்த கடை மெயிலில் டிக் போட்டுவிட்டு, அவளுக்குக் கடைசிப் பெயரைக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெயரில் கட்டம் காலியாகவே இருந்தது.

"என்னக்கா?" என்றாள்.

"வந்திருக்கு. இரு, போன் பண்ணிக் கேக்கலாம்" என்றேன். அவளைப் பார்க்காமல்தான் சொன்னேன். மெயிலில் இருந்த எண்ணைப் போட்டேன். மெயிலைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டி, போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். பெயரைச் சொன்னதும் அந்தப் பக்கம் இருந்தவர் தேடிப் பார்த்தார்.

"ரண்டு வட்டம் மெயில் அயச்சதல்லே சேச்சி. இனி அவசரம் இல்லா, கேட்டோ" என்று, இரண்டு தடவை மெயில் அனுப்பியதை நினைவூட்டி, தன்மையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

நான் தலையைத் தூக்கினேன். மாயம்மாளின் முகம் மலர்ந்திருந்தது.

"அவசரம் இல்லைன்னுட்டாரேக்கா. நாந்தான் கெடந்து பதறிட்டேன். மெல்லமாவே கூப்பிடட்டும்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடையில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். செல்வலட்சுமி அக்காவுக்குத் தெரியாத ஃபாரமே கிடையாது.

"ஆமா. மெல்ல நோக்கலாம்" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. நாளைக்கே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் போனேன் கூட. படகேறி எர்ணாகுளம் போய், வரவேற்பில் ஒரு மணி நேரம் நின்றேன். ஆள் எடுத்து முடித்தாயிற்று, அடுத்தது எப்போது என்று தெரியாது என்றார்கள். திரும்பிவந்து கடையைத் திறந்தபோது மணி மூன்று.

நாலு மணிக்கு மாயம்மாள் வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே ஐஸும் இறாலும்.

"ஒங்களுக்குத்தான்க்கா. பெருசா பாத்துப் பொறுக்கி எடுத்தேன். நானே உரிச்சிட்டேன், நீங்க அப்படியே கொழம்பு வைக்கலாம்." மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள், "ஆஸ்பத்திரியில கூப்பிட்டா ஒடனே போகணும்ல? ஷெட்டுலயும் சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கிறேன், வேற ஆள் பாத்துக்கோங்கன்னு."

அந்த இறாலைப் பார்த்தேன். ஒன்றில்கூட ஓடு ஒட்டியிருக்கவில்லை. மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு உரித்திருக்கிறாள். என் வாழ்க்கையில் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

"மாயம்மா, நேத்து அந்த ஆள் சொன்ன அவசரம்..."

"ஆமாக்கா."

"நீ அன்னைக்குப் பேப்பர்ல கொண்டுவந்த அவசரம்."

வேறெதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடையே சிரிக்கச் சிரிக்க நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை, மறந்திருப்பாளா? சிரிப்பு அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. திரையைப் பார்த்தாள். கடைசிப் பெயரை அவளாகவே கண்டுபிடித்தாள்.

"அப்ப இந்தப் பொட்டி பாக்கலையாக்கா?"

"பாத்துச்சு. என் பேர்ல மட்டும் பாத்துச்சு. உன் பேர்ல டிக் போட விட்டுட்டேன். தப்பு என்னோடது. நேத்தே தெரியும். நான் சொல்லல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் கடையையே இரண்டாக்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. உண்மையிலேயே புரியாத ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டாள்.

"நான் தெனமும் வந்திருப்பேனேக்கா. எனக்கு அதுல என்ன கஷ்டம்? நீங்கதான் வர வேண்டாம்னுட்டீக."

ஷெட்டுக்கு நானும் வந்து பேசுகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"இறால உள்ள எடுத்து வைங்க, தண்ணி வடியுது. ஷெட்டப் பூட்டுறதுக்குள்ள போகணும். வேற ஆள் வச்சுட்டாகன்னா எனக்கு அதுவும் போயிரும்" என்றாள். படியிறங்கிவிட்டு, பழக்கத்தில் என் பக்கம் திரும்பிச் சொன்னாள், "அவசரம்க்கா."