ஒரு சொட்டும் ஒழுகக் கூடாது

போன தடவை என் மனைவியின் வண்டி எஞ்சினை நான் பிரித்துச் சேர்த்தபோது, எண்ணெய் கசிந்து அவளுடைய வெள்ளைச் சீருடை பாழானது. அவள் நர்ஸ். "ஊர் வண்டியெல்லாம் பாக்குறீங்க, வீட்டு வண்டியில கோட்டை விட்டுட்டீங்களே" என்றாள். அது எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

இப்போது மறுபடி பிரிக்க வேண்டி வந்தது. எஞ்சினின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் இடுக்கை அடைக்கும் காகித கேஸ்கெட் கிடையாது, பசைதான். என்னிடம் இருந்த பசைக் குழாய் காய்ந்து கல்லாகியிருந்தது. முதல் கடைக்காரன் சிவப்புக் குழாயை நீட்டி, "எல்லாத்துக்கும் இதுதாண்ணே போகுது" என்றான். எனக்கு எல்லாவற்றுக்கும் வேண்டாம், எஞ்சினுக்கு வேண்டும். இரண்டாவது கடையில் தண்ணீர்த் தொட்டி விரிசலை அடைக்கிற சிலிகான். "தண்ணியே நிக்குது, எண்ணெய் நிக்காதா?" என்று கேட்டவனிடம் வாய் கொடுக்காமல் வந்துவிட்டேன். மூன்றாவது கடையில் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும் சாம்பல் நிறக் குழாய் கிடைத்தது. "மெல்லிசா தடவுங்க" என்றார் கடைக்காரர். எனக்கே பாடமா என்று சுருக்கென்றது.

மெல்லிசாகத் தடவி மறுபடி பேச்சு வாங்க எனக்குத் தைரியம் இல்லை. இரட்டைக் கனத்தில் தடவினேன். போல்ட்டை இறுக்கியதும் விளிம்பெங்கும் பசை பிதுங்கியது. வழித்து உருட்டி மேசை மேல் வைத்தேன்.

மறுநாள் மதியம், வேலைக்குக் கிளம்பிய அவள் குனிந்து எஞ்சினுக்கு அடியில் பார்த்தாள். "ஒரு சொட்டு கூட இல்ல. பரவாயில்லையே" என்றாள். அவள் வாயால் அதைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தேன். அப்போதுதான் மேசை மேல் இருந்த உருண்டை கண்ணில் பட்டது. நெல்லிக்காய் அளவு இருந்தது.

வெளியே இவ்வளவு பிதுங்கினால், உள்ளேயும் இவ்வளவு பிதுங்கியிருக்கும். சூடேறியதும் அதில் ஒரு துண்டு அறுந்து எண்ணெய் வழியை அடைத்தால் எஞ்சின் இறுகிவிடும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க இறக்கம். எட்டிச் சாவியைப் பிடுங்கினேன்.

"பஸ்ல போ."

"ஏன்? என்னாச்சு?"

சொன்னேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

திரும்பப் பிரித்தேன். எண்ணெய்த் துளையின் வாயில் விரல் நீளத்துக்குப் பசை தொங்கிக்கொண்டிருந்தது. நகம் பட்டதும் கையோடு வந்துவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்து, மெல்லிசாகத் தடவினேன்.

அடுத்த நாள் மதியம் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தது. சுரண்டும்போது கத்தி எங்கோ விளிம்பைக் கீறியிருக்க வேண்டும். அவளும் பார்த்துவிட்டாள். நான் பேச்சுக்குத் தயாராக நின்றேன்.

"உள்ள ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல."

"அப்ப சரி" என்றாள். சீருடையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள்.