மூடி வைத்த கிளாஸ்

ஜெர்மனியில் வுப்பர்டாலுக்கு வந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள்: எங்கள் தெருமுனைப் பியர்த் தவறணை. வேலை விட்டால் என் மனுசன் அலோசியஸ் அங்கேதான். புகை ஊறிய திரைச்சீலை, கிழிந்த கதிரை, கழுவாத கண்ணாடி. அப்படி என்னதான் கிடக்கிறது அங்கே?

"அங்கை ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லையடி, யோசப்பின்," என்பார்.

கோயில் ஆட்கள் விசாரித்தால், பாடற்குழுவுக்குப் போயிருக்கிறார் என்று வாய் கூசாமல் புளுகுவேன்.

இப்போது அவருக்கு மறதி வியாதி. அடுப்பை மறந்தார், மகளின் பெயரை மறந்தார், தவறணையை மட்டும் மறக்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. டொக்டர் சொன்ன பிறகு மதுவில்லாத பியர்தான், ஆனாலும் போவார். வாசலில் நின்று "போட்டு வாறன்" என்பார். சொன்னபடி பொழுதுபடுமுன் வந்தும் விடுவார்.

அன்று கார்த்திகை மழை. இருட்டியும் ஆளைக் காணவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவருடைய ஜாக்கெட் கொளுவியில் தொங்கியது. கதிரை காலி. மேசையில் பாதி பியர், கிளாசுக்கு அடியில் வைக்கிற பியர் மட்டை அதன் மேலே மூடியிருந்தது. ஊரில் இலையான் விழாமல் கள்ளை மூடுகிற மாதிரி இங்கேயும் மூடுகிறார்கள் என்று நினைத்தேன். வந்த கோபத்தில் மட்டையை எடுத்து எறிந்தேன்.

தவறணைக்காரி ரோஸ்விதாவின் முகம் மாறிவிட்டது. "அதை எடுக்கக் கூடாது," என்றாள் ஜெர்மனில். "மட்டை வைத்துவிட்டுப் போனால் ஆள் திரும்பி வருவார் என்று அர்த்தம். அந்த இடத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்."

காற்று வாங்க வெளியே போனவராம். போய் வெகுநேரமாம்.

அவருடைய வியாதியை நான் எவருக்கும் சொன்னதில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அங்கே, அந்தக் குடிகாரர்களுக்கு முன்னால் சொன்னேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் கிளாசை மட்டையால் மூடிவிட்டு, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தொங்கு ரயில் நிலையத்துப் படியடியில் நான்தான் அவரைக் கண்டேன். வெறும் சட்டையோடு நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் தெளிந்தது.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

கட்டின மனுசன் கேட்கிறார்.

"ஓம். எங்கை போகவேணும்?"

"இங்கினேக்கை ஒரு தவறணை. கிளாசை மூடி வைச்சிட்டு வந்தனான். என்னைப் பாத்துக்கொண்டிருப்பினம்."

வீட்டை அவர் கேட்கவில்லை. என் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, கையைப் பிடித்து அங்கேயே கூட்டிப்போனேன்.

உள்ளே எல்லாக் கிளாசும் மூடியிருந்தன. அவருடையது மட்டும் திறந்து கிடந்தது. அவர் கதிரையைப் பிடித்தபடி நின்றார், இருக்கவில்லை.

"நான் இனி வரமாட்டன் எண்டு நினைச்சுப்போட்டினமாக்கும்."

மட்டையைத் தேடி எடுத்து, கிளாசின் மேல் வைத்தேன்.

"இல்லை. உங்கடை மனுசிதான் தெரியாமல் எடுத்துப்போட்டா."

"அவ அப்பிடித்தான், கோவக்காரி," என்று சிரித்தபடி உட்கார்ந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இருட்டிப்போச்சு. பாவம், வாசலிலை நிண்டுகொண்டிருப்பா. போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்."